டால் எலிகளின் அட்ரினல் நொதி வேறுபாடு: இரத்த அழுத்தத்துக்குக் காரணமா, தற்செயலா?

முதுகலை மாணவி:
வணக்கம். லூயிஸ் டால் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஸ்ப்ராக்-டாலி எலிகளுக்கு உப்பு மிகுந்த உணவைக் கொடுத்து, அழுத்தம் ஏறியவற்றையும் ஏறாதவற்றையும் தனித்தனியே இனப்பெருக்கம் செய்து, 1962இல் எஸ் (உப்பால் அழுத்தம் ஏறுவது), ஆர் (ஏறாதது) என்ற இரு மரபு வழிகளை அறிவித்தார். எஸ் எலியின் அட்ரினல் சுரப்பி 18-ஹைட்ராக்சி டிஆக்சிகார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது என்றும், 11-பீட்டா ஹைட்ராக்சிலேஸ் நொதியின் வேறுபாடே அதற்குக் காரணம் என்றும் படித்தேன். அழுத்தத்தை ஏற்றுவதும் இந்த நொதிதான் என்று கருத்தரங்கில் சொல்லலாமா?

மரபியல் ஆசிரியர்:
அவ்வளவு விரைவில் சொல்லிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வளர்த்த இரு வழிகளில், அழுத்தத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத எத்தனையோ மரபணுக்களும் தற்செயலாக வேறுபட்டு நிலைத்துவிடும். எனவே இரு வழிகளையும் கலந்து, இரண்டாம் தலைமுறைக் குட்டிகளில் நொதியின் எஸ் வடிவத்தைப் பெற்றவற்றுக்கு அழுத்தமும் கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜான் ராப் என்ற ஆய்வாளரும் டாலும் 1970களிலேயே அதைச் செய்தார்கள். ஸ்டீராய்டு வேறுபாடு ஒரே மரபணுவின் வழியே இறங்குவதையும், அழுத்தத்தில் ஒரு பகுதி அதனுடன் சேர்ந்து வருவதையும் கண்டார்கள். ஒரு பகுதி மட்டுமே என்பதைக் கவனியுங்கள்.

எலி ஆய்வாளர்:
மேலே சொன்னதில் ஒரு குறை உண்டு: அருகிலுள்ள வேறொரு மரபணுவும் அப்படியே சேர்ந்து வரலாம். அந்த ஐயத்தைப் போக்க, ஆர் எலியின் 7ஆம் குரோமோசோம் துண்டை எஸ் எலிக்குள் கொண்டுவந்தபோது அழுத்தம் குறைந்தது. 2003க்குள் அத்துண்டு 177 கிலோபேஸுக்கும் (ஒரு கிலோபேஸ் என்பது ஆயிரம் டிஎன்ஏ எழுத்துகள்) குறைவாகச் சுருக்கப்பட்டும், இந்த நொதியின் மரபணு அதற்குள்ளேயே இருந்தது. இன்னொன்று, பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது: ஐந்து அமினோ அமிலங்கள் மாறியிருப்பது ஆர் எலியின் நொதியில். ஆகவே எஸ் எலியின் நொதியைப் 'பழுதானது' என்று எழுதாதீர்கள்.

சிறுநீரகத் துறை:
அட்ரினலோடு நின்றுவிட வேண்டாம். ஆர் எலியின் சிறுநீரகத்தை எஸ் எலிக்கு மாற்றிப் பொருத்தினால் அழுத்தம் இறங்குகிறது என்பதை டாலின் குழுவே காட்டியது. சிறுநீரகத்திலும் ஒரு நொதி வேறுபாடு உண்டு. எஸ் எலியையும், அதில் 13ஆம் குரோமோசோமை மட்டும் பிரவுன் நார்வே என்ற வேறு வகை எலியிடமிருந்து மாற்றிய வழியையும் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒப்பிட்டபோது, ஃப்யூமரேட் என்ற பொருளைச் சிதைக்கும் ஃப்யூமரேஸ் நொதியின் 481ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் வேறுபட்டிருந்தது. எஸ் எலியில் அந்தப் புரதம் கூடுதலாக இருந்தும் அதன் மொத்தச் செயல்திறன் குறைவாகவே இருந்தது; ஃப்யூமரேட்டைக் கூட்டும் பொருளை 13ஆம் குரோமோசோம் மாற்றப்பட்ட எலிக்குச் செலுத்தியபோது, உப்பால் ஏறும் அழுத்தம் அதிலும் கூடியது. உங்கள் கருத்தரங்கில் புரத அளவுப் படத்தோடு செயல்திறன் அளவீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.