பார்சல் போடப் போய் அரைநாள் போன கதை

தஞ்சாவூர்க்காரி:
இரண்டு வருடமாகத் தலையாட்டி பொம்மைகளை ஆன்லைனில் விற்கிறேன். விற்பது சுலபம்தான். அஞ்சலகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள்தான் உயிர் போகும்.

போன வருடம் ஒரு மாதம், 14ஆம் தேதி, நான்கு பெட்டிகளோடு போனேன். முன்னால் ஆறே பேர். கால் மணியில் முடிந்துவிடும் என்று ஸ்கூட்டியை வெயிலிலேயே விட்டுவிட்டேன். முதலில் நின்ற அம்மா ஆர்டி (மாதாமாதம் பணம் கட்டும் சேமிப்பு) ஏஜென்ட். மஞ்சள் பையிலிருந்து பட்டியலையும் ரப்பர் பேண்ட் போட்ட பணக்கட்டுகளையும் எடுத்து வைத்தார். அவருக்குப் பின்னால் நின்றவரும் ஏஜென்ட்! மாதத்தின் முதல் பாதியில் தொடங்கிய ஆர்டிக்கு 15ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும், பிற்பாதியில் தொடங்கியதற்கு மாதக் கடைசிக்குள். ஒரே கவுண்டர் உள்ள சின்ன அஞ்சலகத்தில் பார்சலுக்கும் அதே வரிசைதான். இதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வழியாக என் முறை வந்தது. தராசில் 1 கிலோ 200 கிராம். சரி என்று பணத்தை எடுத்தால், கவுண்டரில் இருந்தவர் ஸ்கேலை எடுத்தார். நீளம், அகலம், உயரம் எல்லாமே 30 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்தால் 5.4 கிலோ. எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். மளிகைக் கடையில் சும்மா கிடைத்த அட்டைப்பெட்டி, அவ்வளவுதான். கூடவே ஓரத்தில் வைக்கோல் துரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. உடையாமல் இருக்கட்டும் என்று என் மாமியார் வைத்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நாலு பெட்டியையும் வீட்டுக்கே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது பாவாடைப் பகுதியின் குழிக்குள்ளேயே உடம்பையும் தலையையும் செய்தித்தாளில் சுற்றி வைத்துவிடுகிறேன். 25க்கு 20க்கு 15 பெட்டி போதும், கணக்கு 1.5 கிலோவில் நின்றுவிடுகிறது. 13 முதல் 15 வரையும் மாதக் கடைசி இரண்டு நாளும் அந்தப் பக்கமே போவதில்லை. உங்கள் ஊரில் எப்படி?

நாச்சியார்கோயில் விளக்கு:
அக்கா, எங்களுக்கு அளவு பிரச்சினையே இல்லை, எடைதான். பித்தளை ஆயிற்றே. குத்துவிளக்கைக் கழற்றி, பாதம், தண்டு, தட்டு, அன்னம் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சுற்றிவிட்டால் பெட்டி கைக்கு அடக்கமாகிவிடும். நான் நேரத்தை விட்டது வேறு இடத்தில். மூன்றரை மணிக்குப் போய், கூட்டமே இல்லை என்று குஷியாகப் போட்டுவிட்டு வருவேன். அன்றைய தபால் பை அதற்கு முன்பே கட்டிப் போயிருக்கும், பார்சல் ராத்திரி முழுக்க அங்கேயே தூங்கும். வாங்கியவர் மறுநாள் காலையில் டிராக் பண்ணிப் பார்த்துவிட்டு, ‘இன்னும் அனுப்பவே இல்லையா’ என்பார். ‘பை எத்தனை மணிக்குக் கட்டுவீங்க சார்’ என்று ஒரு நாள் கேட்டேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது.

மன்னார்குடி அரிசிக்கடை:
மாப்பிள்ளைச் சம்பா இரண்டு கிலோ, கும்பகோணத்துக்கு. 612001 என்று எழுத வேண்டியதை அவசரத்தில் 621001 என்று எழுதிவிட்டேன். 621 திருச்சி, பெரம்பலூர் பக்கம். பக்கத்து ஊர் அரிசி ஊர்வலம் போய் வந்தது. இப்போது முதல் நாள் ராத்திரியே முகவரியைப் பிரிண்ட் எடுத்து, இரண்டு பேர் போன் நம்பரோடும் ஒட்டிவிடுகிறேன், பின்கோடை என் பையன் சத்தமாகப் படிக்க வேண்டும். கவுண்டரில் பேனா கடன் கேட்கும் ஆசாமிகளைப் பார்த்தாலே இப்போது எனக்குக் கோபம் வருகிறது, நானே அப்படித்தான் இருந்தேன் என்றாலும்.

மயிலாடுதுறை (ஓய்வுபெற்ற அஞ்சல் எழுத்தர்):
தங்கச்சி, கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்தவன் சொல்கிறேன். நேரத்தைத் தின்பது தராசு இல்லை, கையெழுத்து. பின்கோடு தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெட்டியை மூடாமல் கொண்டுவந்து கவுண்டரிலேயே டேப் ஒட்டுபவர்களை நாங்கள் மனதுக்குள் என்ன சொல்வோம் என்பது வேண்டாம். இன்னொன்று, 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டு ரிஜிஸ்டர் போஸ்டை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். இன்னமும் ‘ரிஜிஸ்டர்தான் வேணும்’ என்று வாதாடுபவர்களால் வரிசை நீளுகிறது. பெயர் உள்ளவர் கையிலேயே சேர வேண்டுமென்றால் ஸ்பீடு போஸ்டிலேயே அதற்கென்று கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் போதும்.

தஞ்சாவூர்க்காரி:
ரொம்ப நன்றி சார். அந்த வைக்கோல் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

மயிலாடுதுறை:
அந்தத் துரும்பு தராசுக்குள் போனால் பெருக்குவது நாங்கள்தானே, தங்கச்சி.