பிரிந்தவர்கள் மறுபடி சேரும் சின்ன ஊர்க் காதல் கதை: ஃப்ளாஷ்பேக்கை எப்படிப் பிரித்து வைப்பது?

கேள்வி:
30 எபி (எபிசோட்), எபிக்கு 2,000 சொல் என்று 60,000 சொல்லில் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 20 வயதில் காதலித்துப் பிரிந்தவர்கள். நாயகி 12 வருஷம் கழித்து ஊருக்குத் திரும்புகிறாள். நாயகன் ஊரைவிட்டுப் போகாதவன். அவன் எழுதிய கடிதம் அவளுக்குக் கிடைக்காததுதான் பிரிவுக்குக் காரணம். ஃப்ளாஷ்பேக் 5ஆம் எபியிலிருந்து 9 வரை ஒரே மூச்சில் வருகிறது. படித்தவர்கள் நடுவில் இழுக்கிறது, கடைசியில் சேர்வது மனசில் ஒட்டவில்லை என்கிறார்கள். எங்கே கை வைக்கலாம்?

பதில் 1:
கோளாறு கடைசி எபியில் இல்லை சகோ, அந்தக் கடிதத்தில் இருக்கிறது. கடிதம் வரவில்லை என்றால் இருவர் மேலும் தப்பில்லை, மன்னிக்கவும் எதுவுமில்லை. உண்மை தெரிந்த நிமிஷமே கதை முடிந்துவிடும். ஒரு போன் போட்டிருக்கலாமே என்று வாசகர் 3ஆம் எபியிலேயே கேட்பார்.

கடிதம் அவளுக்குக் கிடைக்கட்டும். படித்தாள், பதில் போடாமல் கிளம்பினாள் என்று மாற்றுங்கள். 20 வயதுக்கு அந்த முடிவு நியாயமாகத் தெரிய வேண்டும். அவனுக்கும் ஒரு பங்கு கொடுங்கள்: தேடிப் போயிருக்கலாம், வீம்பில் போகவில்லை.

அப்புறம் 24, 25ஆம் எபி வாக்கில் அதே சிக்கலை மறுபடி கொண்டுவாருங்கள். அவளுக்கு வெளியூரில் நல்ல வேலை வருகிறது. அன்று சொல்லாமல் போனவள் இன்று முதல் ஆளாக அவனிடம் சொல்ல வேண்டும். அன்று வாயை மூடிக்கொண்டவன் இன்று மனசில் இருப்பதைக் கேட்டுவிட வேண்டும். பக்கம் பக்கமாக மன்னிப்பு கேட்க வைத்தாலும் இந்தக் காட்சிக்கு ஈடாகாது. இதற்குப் பதிலாக விபத்தோ வில்லனோ வந்தால் பழைய கணக்கு தீராமலே நிற்கும்.

பதில் 2:
ஃப்ளாஷ்பேக் இழுப்பதற்குக் காரணம், அது பிரிவில் முடியும் என்று வாசகருக்கு ஏற்கெனவே தெரியும். அந்த ஐந்து எபியின் 10,000 சொல்லில் முக்கியமானதை மட்டும் வைத்துக்கொண்டு, நாலு துண்டாக, துண்டுக்கு 500 சொல்லுக்கு மிகாமல் சுருக்குங்கள். ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் நிகழ்காலத்தில் ஏதாவது மாற வேண்டும்: அவள் பேச்சை நிறுத்துகிறாள், அவன் கிளம்பிவிடுகிறான். எதுவும் மாறவில்லையா, அந்தத் துண்டு வேண்டாம்.

பிரிந்த நாளை இரண்டு முறை காட்டலாம்: 8இல் அவள் பார்த்தபடி, 16இல் அவன் பார்த்தபடி. ஆனால் அவள் மனசுக்குள் இருந்துகொண்டே ‘அந்த நாள்...’ என்று மூன்று புள்ளி வைத்து மறைக்காதீர்கள், வாசகர் கடுப்பாவார். அவளுக்குத் தெரிந்ததை முன்னாலேயே கொடுத்துவிட்டு, அவனுக்கு மட்டும் தெரிந்ததைப் பிடித்து வையுங்கள்.

பதில் 3:
ஊரைப் பற்றி யாரும் பேசவில்லையே. சின்ன ஊரில் 12 வருஷம் ஒருவரைப் பற்றி இன்னொருவருக்கு எதுவுமே தெரியாது என்பது நடக்காது. சேதி வரும், அதுவும் பாதி தப்பாக வரும். ஒரு தாளில் வருஷம், இருவர் வயசு, யார் மூலம் என்ன கேள்விப்பட்டார்கள் என்று மூன்று நெடுவரிசை போட்டு நிரப்புங்கள். அந்தத் தப்பான சேதிகளே முதல் பத்து எபிக்கு உரசலைக் கொடுக்கும்.

முதல் சந்திப்பு தனியிடத்தில் வேண்டாம். ஊரில் ஒரே மருந்துக்கடை. வரிசையில் அவனுக்கு அடுத்து அவள். கடைக்காரர் அவன் அப்பாவின் மாத்திரைச் சீட்டை உரக்கப் படிக்கிறார், அளவு கூடியிருக்கிறதே என்று கேட்கிறார். அவன் வாய் திறக்காமலே அவன் வீட்டு நிலைமை அவளுக்குப் புரிந்துவிடுகிறது. இருவரும் விலகிப் போகவும் முடியாது, ஏனென்றால் பின்னால் நாலு பேர் பார்க்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நடுவில் அவனுக்கு இன்னொரு பெண்ணோடு கல்யாணப் பேச்சு நடப்பதாக வைத்திருக்கிறேன். இருக்கலாமா?

பதில் 1:
இருக்கட்டும், ஆனால் 14ஆம் எபிக்குள் முடியட்டும். நாயகியோடு நெருங்குவதற்கு முன்னால் அவனே அந்தப் பெண்ணிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அவளைக் கெட்டவளாக்கி விரட்டினால், மறுபடி சொல்லாமல் நழுவுகிற ஆளாகத்தான் அவன் தெரிவான்.