இரண்டு குழந்தைகள், நான்கு இரவு, சிங்கப்பூர்

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய் வந்து ஒரு மாதம் ஆகிறது. போனபோது மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு இரண்டு முடிந்து சில நாட்கள். கிளம்பும் முன் நான் தேடிப் படித்ததெல்லாம் பெரியவர்கள் சுற்றிய கதையாகவே இருந்தது. அதனால்தான் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

முதல் சிக்கல் பாஸ்போர்ட்டில் வந்தது. மகனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே எடுத்து வைத்திருந்தோம். பெரியவர்களுக்குப் பத்து வருடம், சின்னக் குழந்தைகளுக்கு ஐந்து வருடம்தான் என்பது மனதிலேயே இல்லை. டிக்கெட் எடுக்க உட்கார்ந்த அன்று பார்த்தால் நான்கு மாதம்தான் மிச்சம். சிங்கப்பூருக்குள் நுழைய ஆறு மாதமாவது இருக்க வேண்டும். புதுப் பாஸ்போர்ட், அப்புறம் விசா என்று பயணம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. அதற்குள் மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. மடியில் வைத்துக் கூட்டிப்போக வேண்டியவளுக்குத் தனி சீட் டிக்கெட்! எங்கே போகலாம் என்று யோசிக்கும் முன் குழந்தைகளின் பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதி பாருங்கள்.

சிங்கப்பூருக்குள் நுழையக் கேட்கும் வருகை அட்டையை (SG Arrival Card) இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், குழந்தைகளுக்கும் சேர்த்து. அரசுத் தளத்தில் அதற்குக் காசு கிடையாது. பணம் கேட்கும் வேறு தளங்களும் இருக்கின்றன, கவனம். சாமான் கட்டும்போது மாமியார் அரைத்துக் கொடுத்த குருமாப் பொடியை வெளியே எடுத்து வைத்தேன். அதில் கசகசா இருந்தது, அனுமதியில்லாமல் அதை அங்கே கொண்டுபோகக் கூடாது.

அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. பிள்ளைகளை அந்த ஊர் நேரத்துக்கு மாற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டோம், அதுதான் எங்களைக் காப்பாற்றியது. காலையில் ஒன்பது மணிக்கு எழுந்தார்கள், அவர்கள் கணக்கில் ஆறரை. கார்டன்ஸ் பை த பே என்ற பெரிய தோட்டத்தில் ராட்சத செயற்கை மரங்களின் ஒளிக்காட்சி இரவு 7:45-க்கு. நம் ஊரில் அப்போது சாயங்காலம் ஐந்தே கால்தானே! இரண்டு பேரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். அதே தோட்டத்தில் குழந்தைகளுக்கென்று தண்ணீர் விளையாட்டு இடம் இருக்கிறது, இலவசம். திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதை முந்தின இரவு பார்த்ததால் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டோம். மாற்றுத்துணி மட்டும் மறக்காதீர்கள்.

ஒரு நாளைக்கு ஓர் இடம்தான். மதியம் லிட்டில் இந்தியாவில் இருந்த அறைக்குத் திரும்பித் தூக்கம். பக்கத்திலேயே இட்லியும் தயிர் சாதமும் கிடைத்ததால் சாப்பாட்டுக்கு ஒரு நாளும் அழுகை இல்லை.

ஒரே ஒரு முறை ரயிலில் மகள் பசித்து அழுதாள். பையிலிருந்து பன்னை எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் கையை மெல்லத் தொட்டு, "இங்க சாப்பிடக் கூடாதும்மா, அபராதம் போடுவாங்க. வெளிய போய்க் குடு" என்று தமிழில் சொன்னார். அடுத்த நிலையத்தில் இறங்கி எங்களோடு வாசல் வரை வந்து, லிஃப்ட் எங்கே என்று காட்டிவிட்டுத் திரும்பவும் உள்ளே போனார். பெயர்கூடக் கேட்கவில்லை. இன்னும் மனதில் நிற்கிறார்.

*

உங்கள் சிங்கப்பூர் பதிவைப் படித்தேன் அக்கா, எங்கள் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒன்பது மாதக் குழந்தையோடு போனோம். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்துக்கொண்டே இருந்தேன், விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடுகிறது. இறங்க ஆரம்பிக்கும்போது தூங்கிக்கொண்டிருந்தவளைப் பாவம் பார்க்காமல் எழுப்பினேன்.

இன்னொன்று, தள்ளுவண்டியைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். அங்கே பேருந்தில்கூட மடக்காமல் ஏற்றலாம். 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைவான பிள்ளைகளுக்கு ரயிலிலும் பேருந்திலும் கட்டணம் இல்லை. செயலியில் வாடகைக் கார் அழைத்தால் மட்டும் குழந்தை இருக்கை உள்ளதா என்று பார்த்து அழையுங்கள், இல்லையென்றால் ஏற்ற மாட்டார்கள். எங்களுக்கு இது தெரியாமல் இரவு பத்து மணிக்கு மழையில் நின்றோம். கடைசியில் சாலையில் வந்த டாக்சியை நிறுத்தித்தான் அறைக்குப் போனோம், அதற்கு அந்த விதி இல்லையாம்.