ஜாம்டு டுகெதர்: மூன்று கிட்டார்களைப் பிரித்துக் கேட்ட அனுபவம்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் பக்கம் வந்த கதையை இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். என்னை உள்ளே இழுத்தது ‘ஜாம்டு டுகெதர்’. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து இசைத்தட்டு நிறுவனமான ஸ்டாக்ஸ் 1969இல் வெளியிட்ட ஆல்பம். ஆல்பர்ட் கிங், ஸ்டீவ் க்ராப்பர், பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் என்று மூன்று கிட்டார்காரர்கள்.

ஹெட்ஃபோனில் கேட்டபோது முதலில் பிடிபட்டவர் ஆல்பர்ட் கிங். இடதுகைக்காரரான அவர், வலதுகைக்காரர்களின் கம்பி வரிசையை மாற்றாமல் கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து வாசிப்பார். மெல்லிய கம்பி மேலே வந்துவிடும். மற்றவர்கள் மேலே தள்ளி வளைக்கும் கம்பியை அவர் கீழே இழுத்து வளைப்பார். காது பழகிவிட்டால் ஒரே ஒரு ஸ்வரம் போதும், அவர்தான் என்று சொல்லிவிடலாம்.

க்ராப்பர் அப்படி உடனே கண்ணில் பட மாட்டார். ‘நாக் ஆன் வுட்’ அவரும் பாடகர் எட்டி ஃப்ளாய்டும் சேர்ந்து எழுதிய பாட்டு. இந்த ஆல்பத்தில் அதைக் குரலே இல்லாமல் வாசிக்கிறார்கள். தாளத்தோடு ஒட்டி, தேவையான இடத்தில் மட்டும் வெட்டி வெட்டி விழும் கிட்டாரைத் தேடினால் அவர் அகப்படுவார்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது ‘டூப்பலோ’வுக்குத்தான். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வந்த வெள்ளத்தைப் பற்றி ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் பாடிய பாட்டு. இங்கே பாடுபவர் பாப்ஸ் ஸ்டேபிள்ஸ். மிசிசிப்பியிலேயே பிறந்தவர், தன் பிள்ளைகளோடு சேர்ந்து தேவாலயங்களில் காஸ்பெல் என்னும் கிறிஸ்தவ பக்திப் பாடல்களைப் பாடியவர். ஊரில் நடந்த துயரத்தைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல, பாதி பேச்சும் பாதி பாட்டுமாகப் போகிறது. ட்ரெமலோவில், அதாவது ஒலியளவு வேகமாக ஏறி இறங்குவதில், நடுங்கும் கிட்டார் ஒலி அந்தக் குரலுக்கு அவ்வளவு பொருத்தம். இவ்வளவு அடங்கிய குரலில் இத்தனை பாரம் இருக்க முடியுமா என்று இன்றும் வியக்கிறேன்.

ஸ்டாக்ஸுக்கு அது சோதனைக் காலம். 1967 டிசம்பரில் அதன் நட்சத்திரப் பாடகர் ஓடிஸ் ரெடிங் விமான விபத்தில் இறந்தார். 1968இல் அதன் இசைத்தட்டுகளை விநியோகித்த அட்லாண்டிக் நிறுவனத்தோடு உறவு முறிந்து, பழைய பதிவுகளின் உரிமையும் கையைவிட்டுப் போனது. பதிவுகளின் கையிருப்பை மறுபடி உருவாக்க ஸ்டாக்ஸ் நிர்வாகி அல் பெல் 1969இல் 27 ஆல்பங்களை ஒரே வீச்சில் கொண்டுவந்தார். இதுவும் அந்தக் காலத்துப் பதிவுதான். இதில் வரும் ‘வாட்’ட் ஐ சே’ பாட்டில் கொஞ்சம் அவசரம் தெரிகிறது என்பது என் எண்ணம். அதற்காக ஆல்பத்தையே ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

புதிதாகக் கேட்பவர்கள் ‘டூப்பலோ’வில் தொடங்குங்கள். அப்புறம் ‘ஹோமர்ஸ் தீம்’, ‘ஓப்பஸ் டி சோல்’. க்ராப்பரே பாடும் ‘வாட்டர்’ எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.