புவேர்ட்டோ வியேஹோ, சல்சா பிராவா: போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

அலைவாய்க்கரை:
சல்சா பிராவாங்கறது கோஸ்டா ரிகாவோட கரீபியக் கரையில, புவேர்ட்டோ வியேஹோ ஊர் முன்னாடி பவளப்பாறை மேல உடையற சர்ஃபிங் அலை. நேரா விஷயத்துக்கு வர்றேன். அலை எழும்புறதுக்கு முன்னாடி பாறை மேல இருக்கிற தண்ணி மொத்தமும் உள்வாங்கும் பாருங்க, அந்த நொடிதான் இன்னும் மனசை விட்டுப் போகல. கீழே பவளப்பாறை முள்ளு முள்ளாத் தெரியும். ஆழத்துல வர்ற அலை திடீர்னு மேட்டுல முட்டுறதால சுவர் மாதிரி நிக்குது. வழக்கமான போர்டைவிட அரை அடி நீளமானதை எடுத்துட்டுப் போங்க. சீக்கிரம் வேகம் பிடிச்சாத்தான் அலை செங்குத்தாகறதுக்குள்ள எழுந்து நிக்க முடியும். விழுந்தா தலைகுப்புறப் பாயாதீங்க, காலையும் ஊனாதீங்க; உடம்பைப் பரப்பி மேலாக விழணும். சீசன் டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். விடியக்காலையில நிலக்காத்து இருக்கறப்பவே இறங்கிடணும், வெயில் ஏறினா கடல்காத்து அலையைக் கலைச்சிடும். பாறை காலங்காலமா அப்படியே இருக்கு. சர்ஃபர்கள் வந்த பிறகுதான் புவேர்ட்டோ வியேஹோ ஊராச்சு.

தென்கரை:
"பாறை அப்படியே இருக்கு" என்பது தவறு அண்ணே. 1991 ஏப்ரல் 22 நிலநடுக்கத்தில் அந்தக் கடற்கரையே மேலே எழும்பியது. வடக்கே லிமோன் துறைமுக நகரத்துப் பக்கம் ஒன்றரை மீட்டர் வரை, தெற்கே வரவரக் குறைவு. அங்கே கடலின் ஏற்றவற்றம் அரை மீட்டர்கூட இல்லை. வேறு கடலாக இருந்தால் ஏற்றத்தின்போதாவது தண்ணீர் மூடியிருக்கும். இங்கே வெளியே வந்த பவளம் வெளியேதான். வெயிலில் வெளுத்துச் செத்துப்போன அந்தத் திட்டுகளைப் பார்த்தவர்களுக்கு மறக்காது.

கொக்கோக்காரன்:
சர்ஃபர்கள் வந்துதான் ஊரானது என்று எழுதுவது அங்கே முன்பே வாழ்ந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். அவர்கள் புவேர்ட்டோ வியேஹோவை ஓல்டு ஹார்பர் என்றுதான் அழைத்தார்கள். பானமாவின் போகாஸ் பக்கமிருந்து ஆமை பிடிக்க வந்த கறுப்பின மக்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கரையில் குடியேறித் தென்னை வைத்தார்கள், பிறகு கொக்கோ. மலைப்பக்கம் பிரிப்ரி பழங்குடி மக்கள் அதற்கும் முன்பிருந்தே இருக்கிறார்கள். 1970களின் கடைசியில் மொனிலியா பூஞ்சை வந்து கொக்கோவை அழித்தது. சுற்றுலா வளர்ந்தது அதன் பிறகுதான். நோய் பட்ட காயைக் கையில் எடுத்தால் நல்ல காயைவிடக் கனக்கும். மேலே பழுப்புப் புள்ளி, சில நாளில் வெள்ளைப் பொடி. வெட்டினால் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடக்கும். அந்தப் பொடிதான் காற்றில் அடுத்த மரத்துக்குப் போகிறது. பொடி பூக்கும் முன்பே வாரம் ஒருமுறை தோப்பைச் சுற்றிக் காயைப் பறித்துவிட வேண்டும். பக்கத்துத் தோப்பு கைவிடப்பட்டிருந்தால் அதுவும் வீண். வீழ்ச்சி அவ்வளவு வேகமாக நடந்ததற்குக் காரணம் இதுதான்.

சமையல்கட்டு:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அங்கே போய் ரைஸ் அண்ட் பீன்ஸை காயோ பிந்தோ என்று சொல்லாதீர்கள். காயோ பிந்தோ என்பது வெந்த சோற்றையும் வெந்த பீன்ஸையும் சேர்த்து வதக்குவது. கரீபியக் கரையில் அரிசியே தேங்காய்ப்பாலில் வேகும். ஒரு கப் சிவப்பு பீன்ஸை (ராஜ்மா மாதிரி காய்ந்த பருப்பு) இரவே ஊறவைத்துப் பூண்டோடு வேகவையுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், நிறம் அதில்தான். அதோடு ஒரு தேங்காயின் பால் சேர்த்து மொத்தம் நான்கு கப், அரிசி இரண்டு கப், தைம் என்ற வாசனை இலை இரண்டு கொத்து, உப்பு. மேலே ஒரு பானமா மிளகாயைக் காம்போடு முழுசாக வைக்கவேண்டும். தண்ணீர் அரிசி மட்டத்துக்கு வற்றியதும் தீயைக் குறைத்து மூடுங்கள், இல்லையென்றால் அடிபிடிக்கும். கிளறும் முன் மிளகாயை எடுத்துவிடுங்கள். அது உடைந்தால் பானை முழுக்கக் காரம், யாரும் சாப்பிட முடியாது.

அலைவாய்க்கரை:
ஊர் விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி, ஏத்துக்கறேன். புதுசா கத்துக்கறவங்க சல்சா பிராவாவுல இறங்காதீங்க. பக்கத்துல இருக்கிற கோக்லெஸ் மணல் கடற்கரைதான், ஆனா அங்கே ரிப் கரண்ட், அதாவது ஆளைக் கடலுக்குள்ள இழுக்கிற நீரோட்டம், பலமா இழுக்கும். அலை உடையாம அமைதியாத் தெரியற இடத்துலதான் இழுவை. மாட்டினா கரையை நோக்கி மல்லுக்கட்டாம, கரைக்கு இணையா நீந்தி வெளியே வாங்க.