மறு: சரவுண்ட் சவுண்டுக்குத் தமிழ்: சூழொலியா, சுற்றொலியா, பின்னொலியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சரவுண்ட் சவுண்ட், அதாவது கேட்பவரைச் சுற்றிப் பல ஸ்பீக்கர்களிலிருந்து ஒலி வரும் ஏற்பாடு, அதற்கும் அதன் கருவிகளுக்கும் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் சூழொலி பக்கம். காரணத்தைச் சொல்லும் முன் போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், என் கருத்து அகராதியிலிருந்து வரவில்லை, அதிலிருந்துதான் வந்தது.

மதுரையில் இருக்கும் பெரியப்பா ஒரு 5.1 சரவுண்ட் செட் வாங்கினார். ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் ரிசீவர் ஒன்று, ஸ்பீக்கர் ஐந்து, தாழ்ந்த ஒலிக்கென்றே சப்வூஃபர் ஒன்று. கூட வந்த கையேடு முழுக்க ஆங்கிலம், எழுத்தும் எறும்பு அளவு. சரி என்று நானே ஒரு பக்கம் தமிழில் எழுதி வாட்ஸாப்பில் அனுப்பினேன். முதல் வரி: "டிவியின் ஒலி வெளியீட்டை ஒலிபெருக்கியில் இணைக்கவும்." நான் ஒலிபெருக்கி என்று எழுதியது ஆம்ப்ளிஃபயரை, அதாவது ரிசீவரை. பெரியப்பாவுக்கு ஒலிபெருக்கி என்றால் திருவிழாவுக்கு மரத்தில் கட்டுகிற குழாய், அதாவது ஸ்பீக்கர். ஐந்து ஸ்பீக்கர்களின் முதுகையும் திருப்பிப் பார்த்திருக்கிறார், எதிலும் ஒயர் மாட்டும் கிளிப்பைத் தவிர ஒன்றும் இல்லை. சப்வூஃபரில் மட்டும் ஒரு வட்டத் துளை இருந்திருக்கிறது. டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து கேபிள் இழுத்து அதில் சொருகிவிட்டார். ராத்திரி பத்து மணிக்கு போன்: "ஏம்ப்பா, பாட்டையே காணோம், தும் தும்முன்னு இடி மட்டும் விழுது." சப்வூஃபர் தனக்குள் தாழ்ந்த அதிர்வுகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வடிகட்டிவிடும், அதனால் குரலே வரவில்லை. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது, இரண்டு பேரும் ஒரே சொல்லை வேறு வேறு பொருளில் சொல்லிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

ஆகவே ஒலிபெருக்கி என்ற சொல்லை ஸ்பீக்கருக்கே விட்டுவிடுவோம். மக்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள், சொல்லின் பகுதிகளைப் பிரித்துக் காட்டி அதை மாற்ற முடியாது. ஆம்ப்ளிஃபயருக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் பெருக்கி, இலங்கைப் பாடநூலில் விரியலாக்கி. யாழ்ப்பாண நண்பர் விரியலாக்கியை முன்வைத்தபோது சிலர் கடினம் என்றார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒலிபெருக்கியோடு அது குழம்பாது என்பதே பெரிய நன்மை.

இனி சரவுண்டுக்கு வருகிறேன். இழையில் ஒருவர் எழுதியது:

> "பின்னால் இருந்து வருவதால் பின்னொலி என்றால் எல்லாருக்கும் உடனே புரியும்."

புரியும், ஆனால் தவறாகப் புரியும். 5.1 அமைப்பில் சரவுண்ட் ஸ்பீக்கர்கள் தலைக்கு நேர் பின்னால் வைக்கப்படுவதில்லை. நேர் எதிரே இருப்பதை 0 பாகை என்று வைத்தால், முன் இடமும் வலமும் 30 பாகையில், சரவுண்ட் இரண்டும் 100 முதல் 120 பாகைக்குள், அதாவது காதுக்குச் சற்றே பின்தள்ளி இரு பக்கத்திலும். பின்னொலி என்று எழுதினால் வாசிப்பவர் சோபாவுக்குப் பின்சுவரில் ஆணி அடிப்பார், அப்புறம் பக்கவாட்டில் நகரும் ஒலி எதுவும் சரியாக வராது.

சுற்றொலி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் துறையில் சுற்று என்றால் மின்சுற்று. இணைப்புப் படம் போட்டு விளக்கும் கட்டுரையில் சுற்று, சுற்றொலி இரண்டும் அடுத்தடுத்து வந்தால் கண் தடுக்கும். இன்னொன்று, சுற்று என்பது நம்மைச் சுற்றித் தரையளவில் ஒரு வட்டம். 2012-இல் டால்பி அட்மாஸ் என்ற ஒலி முறை வந்ததிலிருந்து ஒலி தலைக்கு மேலிருந்தும் இறங்குகிறது. மேகம் சூழ்ந்தது, இருள் சூழ்ந்தது என்கிறோமே, சூழ்தலுக்கு மேல், கீழ், பக்கம் என்ற கணக்கு இல்லை. சூழொலி என்றால் சூழ்ந்த ஒலி, சூழ்கிற ஒலி, சூழும் ஒலி, மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. வாயில் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆம்பியன்ட் சத்தத்தோடு, அதாவது சுற்றுப்புறச் சத்தத்தோடு, குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார், நியாயமான கேள்வி. அதற்குச் சூழல் இரைச்சல் என்பது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, இரைச்சல் என்ற சொல்லே பிரித்துக் காட்டிவிடும்.

சூழொலியை ஏற்றால் சப்வூஃபருக்கும் வழி பிறக்கிறது: தாழொலி. தாழ்ந்த ஒலி, அதே வினைத்தொகை, ஜோடியாகவே நிற்கும். பெட்டியைச் சொல்லும்போது தாழொலிப் பெட்டி. பழந்தமிழ் இசையில் தாழ்ந்த தானத்துக்கு (ஸ்தாயிக்கு) மெலிவு என்ற அருமையான சொல் உண்டு, நடுவுக்குச் சமன், மேலுக்கு வலிவு. எனக்கு மிகவும் பிடித்த சொற்கள். ஆனால் ஜன்னல் கண்ணாடியை அதிர வைக்கும் பெட்டியை மெலிவுப் பெட்டி என்று சொன்னால் பழுதான பெட்டி என்றுதான் நினைப்பார்கள்.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியாகப் போகும் ஒலிக்குச் சானல் என்று பெயர், அதற்குக் கால் என்று ஒருவர் முன்மொழிந்தார், வாய்க்காலில் வரும் கால். கருத்து சரி, ஆனால் 5.1 கால் என்று எழுதிப் பாருங்கள், ஐந்தேகாலோ என்று தோன்றும். ஏற்கெனவே அந்தப் புள்ளி ஒன்று என்பதே குழப்பம், அது தசமக் கணக்கு இல்லை. முழு வீச்சில் ஓடும் வழிகள் ஐந்து, 120 ஹெர்ட்ஸ் வரை மட்டும் போகும் தாழொலி வழி ஒன்று. வழி என்றே வைத்துக்கொள்ளலாம். படமும் ஒலியும் சேர்ந்து போகும் எச்டிஎம்ஐ கேபிளுக்கான துளையில் ஆர்க் (ஆடியோ ரிட்டர்ன் சானல்) என்று எழுதியிருக்குமே, அதற்கு மீள்வழி: வழக்கமாக ரிசீவரிலிருந்து டிவிக்குப் போகிற கேபிளிலேயே டிவியின் ஒலி ரிசீவருக்குத் திரும்பி வருகிறது. 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இலிருந்து இருக்கிறது. டிவியில் பொதுவாக ஒரே ஒரு துளையில்தான் அது உண்டு என்பதால், பெயரைப் பார்த்ததும் வேலை புரிய வேண்டும்.

ஒலியை வெளிச்சமாக அனுப்பும் ஆப்டிகல் துளைக்கு ஒளி வெளியீடு என்ற பெயர் வேண்டவே வேண்டாம். ஒலி வெளியீடு, ஒளி வெளியீடு, இரண்டையும் போனில் சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிப் பார்த்துத் தோற்றேன். "சிவப்பா வெளிச்சம் தெரியுற சதுர ஓட்டை பெரியப்பா" என்றதும் உடனே கண்டுபிடித்துவிட்டார். எழுத்தில் வெளிச்சத் துளை என்றே போடலாம், கொச்சை ஒன்றும் இல்லை.

ரிசீவருக்கு வாங்கி, ஏற்பி எல்லாம் வந்திருக்கின்றன. அந்தப் பெட்டிக்குள் ரேடியோ ட்யூனர் இருப்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அந்தப் பழங்கதையை நாம் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அது செய்வது என்ன? ஒரே கேபிளில் வரும் ஒலியை அவிழ்த்து, இன்னது இன்ன ஸ்பீக்கருக்கு என்று பிரித்து, பெருக்கி அனுப்புகிறது. வயலில் மடை செய்கிற வேலை. ஒலிமடை என்று வைக்கலாமா?

இந்தச் சொற்களைப் போட்டுத் தாளைத் திருத்தி அனுப்பினேன்: "டிவியின் மீள்வழித் துளையிலிருந்து ஒலிமடைக்கு ஒரே கேபிள். ஒலிமடையிலிருந்து ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் ஒயர், சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. தாழொலிப் பெட்டிக்குத் தனி ஒயர். டிவி அமைப்பில் பிசிஎம் என்று இருந்தால் பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றவும், இல்லாவிட்டால் முன்னிரண்டில் மட்டும் ஒலி வரும், சூழொலி வராது." (பிசிஎம், பிட்ஸ்ட்ரீம் இரண்டும் டிவி தன் ஒலியை வெளியே அனுப்பும் விதங்கள்.) அன்று மாலையே பெரியப்பா தானே மாட்டி முடித்தார். ஒரே ஒரு இடத்தில் நின்று கேட்டார்: "மடைன்னா இந்தப் பெரிய கறுப்புப் பெட்டிதானே?"

ஒலிமடையில் எனக்கும் கொஞ்சம் தயக்கம் உண்டு, நகரத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் மடையைப் பார்த்திருப்பார்கள்? இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் மாற்றிக்கொள்கிறேன். சூழொலி, தாழொலி, மீள்வழி மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், திங்கள் காலை நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.