டப்பாக்குள்ள கிரிக்கெட் பூச்சிய விட்டு வைக்கச் சொல்றவங்க கொஞ்சம் இங்க வாங்க

வண்டுமாமா:
வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் புதுசா வளர்க்குற பசங்களுக்கு அட்வைஸ் பண்றார், கும்பிடுபூச்சி குஞ்சு சாப்பிடலன்னா பயப்படாதீங்க, இரையா போடுற கிரிக்கெட் பூச்சி, அதான் சுவர்க்கோழி, ரெண்ட டப்பாக்குள்ளயே விட்டு வைங்க, பசிச்சா தானா பிடிச்சுக்கும்னு. படிச்சதுல இருந்து மனசு ஆறல. நல்லா தின்னுட்டு இருந்த குஞ்சு திடீர்னு சாப்பாட்ட ஒதுக்குது, வயிறு உப்பியிருக்கு, நிறம் மங்குது, வலை மூடியில தலைகீழா தொங்கிட்டு அசையவே மாட்டேங்குதுன்னா தோல் உரிக்கப் போகுதுங்க. முதுகுப்பக்கம் தோல் பிளந்து கீழ நோக்கி நழுவி வெளிய வர்றப்போ அதால ஓடவும் முடியாது, திருப்பி அடிக்கவும் முடியாது. கிரிக்கெட் கண்டதையும் திங்குற ஜென்மம், ஏறி வந்து கடிச்சுடும். வெளிய எடுங்க.

மொட்டைமாடி_ராஜா:
அந்த ஒருத்தர் நான்தான். பேர் சொல்லியே எழுதியிருக்கலாமே, என்ன பயம்? காட்டுல யாரு வந்து கிரிக்கெட்ட எடுத்து வெளிய விடுறா? செடியில இருக்குறதெல்லாம் தோல் உரிச்சு பெருசாகலையா?

வண்டுமாமா:
காட்டுல ஒரு முட்டைக்கூட்டுல நூறு குஞ்சுக்கு மேல வரும், அதுல றெக்கை முளைக்கிற வரைக்கும் தாங்குறது சொற்பம்தான். அந்தக் கணக்குல சாகட்டும்னா நீங்க எதுக்கு வளர்க்குறீங்க? காட்டுல கிரிக்கெட் அது பாட்டுக்கு போயிடும், உங்க பிளாஸ்டிக் டப்பால எங்க போகும்? குஞ்சு மேலதான் ஏறும். வெளிய எடுங்க.

ஈப்போ_பூரணி:
நான் இங்க மலேசியாவுல ஆர்க்கிட் மேன்டிஸ்னு ஒரு வகை கும்பிடுபூச்சி வளர்க்குறேன் அண்ணா. சின்ன குஞ்சுக்கு பழ ஈதானே போடுறோம், அது கடிக்காது, நாலஞ்சு உள்ள இருந்தா என்ன ஆகிடும்?

வண்டுமாமா:
கடிக்காதும்மா, ஆனா மேல ஏறி நடக்கும், குஞ்சு உதறும், பாதி உரிச்ச நிலைல பிடி நழுவி கீழ விழுந்தா அவ்ளோதான், ஈர உடம்பு கோணலாவே காய்ஞ்சுடும். சின்ன வயசுல ஒரு கால் போனா அடுத்தடுத்த உரிப்புல திரும்ப வளரும், உடம்பே வளைஞ்சா வளராது. ஈயோ கிரிக்கெட்டோ, எல்லாம் வெளிய.

மொட்டைமாடி_ராஜா:
ஆமா காட்டுல ஈயே கிடையாது பாருங்க. உங்ககிட்ட யாரு கேட்டாலும் "வெளிய எடு" தான். நாலு நாள் பட்டினி கிடந்து செத்தா அதுக்கும் தோல் உரிப்புதான் காரணம்னு சொல்லுவீங்க.

இலைமறைவு:
ரெண்டு பேரும் எந்த இனம்னே சொல்லாம அடிச்சுக்குறீங்க. என்கிட்ட இருக்குறது வயலின் மேன்டிஸ், நம்ம தென்னிந்தியா, இலங்கைப் பக்கம் இருக்குறதுதான், அது பறக்குற ஈயத்தான் விரும்பும், தரைல ஓடுற கிரிக்கெட்ட பெரும்பாலும் சீண்டாது. வெயிலும் காய்ஞ்ச காத்தும் வேணும் அதுக்கு. அதனால சாப்பிடல்லன்னா உடனே தோல் உரிப்புன்னு முடிவு கட்டுறது தப்பு.

வண்டுமாமா:
அப்போ சீண்டாத கிரிக்கெட்ட உள்ள எதுக்கு வச்சிருக்கணும்? நான் சொன்னதத்தானே நீங்களும் சொல்றீங்க.

இலைமறைவு:
நான் அத சொல்லவே இல்ல. போன தடவையும் குச்சிப்பூச்சி திரில இப்படித்தான் என் வாய்ல வார்த்தைய திணிச்சீங்க.

வண்டுமாமா:
பட்டினின்னு ராஜா பயமுறுத்துறாரே, அதுக்கும் பதில் கேளுங்க. சின்ன குஞ்சு ஒண்ணு ரெண்டு நாள் ஒதுக்கும், பெருசானா இன்னும் கூட, கடைசி உரிப்புக்கு முன்னாடி முதுகுல றெக்கை மொட்டு புடைச்சிருக்கும், அப்போ ஒரு வாரம் கூட தொடாது. சாகாது. தண்ணி மட்டும் லேசா ஸ்ப்ரே பண்ணி விடுங்க. குஞ்சு தொங்குற இடத்துக்கு கீழ அதோட நீளம் மாதிரி மூணு மடங்கு வெத்திடம் வேணும். உரிச்ச பிறகும் உடனே இரை போடக்கூடாது, வாயும் முன்னங்காலும் கெட்டியாகணும், சின்னதுக்கு ஒரு நாள், பெருசுக்கு ரெண்டு மூணு நாள். இதெல்லாம் பல வருஷமா கண்ணால பாத்தது, யூடியூப்ல பாத்தது இல்ல.

மொட்டைமாடி_ராஜா:
கண்ணால பாத்தவரு எனக்கு வித்த முட்டைக்கூட்டையும் பாத்துட்டு வித்திருக்கலாம். குஞ்சு ஒண்ணு கூட வரல, பொடிப் பொடியா குளவிதான் வந்துச்சு.

வண்டுமாமா:
வேலியில இருந்து எடுத்த கூடுன்னு சொல்லித்தான் குடுத்தேன். பொடாக்ரியான்னு ஒரு குளவி கும்பிடுபூச்சி முட்டைக்கூட்டத் தேடி வந்து அதுக்குள்ள தன் முட்டைய வச்சிடும், வெளிய இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது. காட்டுல அப்படித்தான் நடக்கும், காட்டுக்கு வக்கீலா இருக்குற உங்களுக்கு இது தெரியாதா?

மொட்டைமாடி_ராஜா:
காச வாங்குறப்போ காடு இல்ல, இப்போ காடு.

ஈப்போ_பூரணி:
அண்ணா என்னோடது இப்போதான் மூடியில தொங்குது, ரெண்டு ஈ உள்ள இருக்கு, மூடிய தொறந்தா அசங்கிடுமே, அப்போ எப்படி எடுக்குறது?

வண்டுமாமா:
ராஜா, காசு திருப்பித் தரேன், வாங்கிக்கோங்க. ஆனா குரூப்ல போட்ட அந்த மெசேஜ டெலிட் பண்ணுங்க, பசங்க அத நம்பி கிரிக்கெட்ட உள்ளயே விட்டுட்டு தூங்கப் போறாங்க.

மொட்டைமாடி_ராஜா:
பண்ண மாட்டேன். காட்டுல யாரு எடுக்குறான்னு கேட்டேன், இன்னும் பதில் வரல. காசு மட்டும் அனுப்புங்க.